காரீயத்தைப் பிடித்த ஜெல்லி

நெய்வேலி பூமிக்கு அடியில் ஒரு காடு இருக்கிறது!

கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் சாய்ந்து, சேற்றில் புதைந்து, மண்ணின் பாரத்தால் அமுங்கிப் போன காடு அது. அந்த மரங்கள்தாம் இன்று பழுப்பு நிலக்கரியாக வெட்டி எடுக்கப்படுகின்றன. 1935-ம் ஆண்டில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டார். தண்ணீரோடு கறுப்பாக ஒரு பொருளும் வந்தது. நெய்வேலியின் கதை அங்கேதான் தொடங்கியது. 1956-ல் நிலக்கரிக் கழகம் அமைந்தது. 1962-ல் மின்சாரம் பிறந்தது. செம்மண் மேட்டில் ஒரு நகரமே எழுந்தது.

நிலக்கரியை எரித்தால் வெளிச்சம் கிடைக்கும். கூடவே சாம்பலும் கிடைக்கும். அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கலந்து பெரிய குட்டைகளுக்கு அனுப்புவது அனல் மின் நிலையங்களின் வழக்கம். நிலக்கரிச் சாம்பலில் காரீயம், பாதரசம், குரோமியம், ஆர்சனிக் போன்றவை மிகச் சிறிய அளவில் ஒட்டிக் கொண்டிருக்கும். அவை தண்ணீரில் இறங்கிவிட்டால் ஆபத்து!

2023-ம் ஆண்டில் பூவுலகின் நண்பர்கள், மந்தன் என்ற இரண்டு அமைப்புகள் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டன. நெய்வேலியைச் சுற்றிச் சில இடங்களில் எடுத்த தண்ணீரில் பாதரசம் அனுமதித்த அளவுக்கு மேல் இருப்பதாக அந்த அறிக்கை கூறியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து இதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

குடிதண்ணீரில் பாதரசம் எவ்வளவு இருக்கலாம்? ஒரு லிட்டரில் 0.001 மில்லிகிராம்தான் இருக்கலாம் என்கிறது இந்திய அரசின் தர விதி. அதற்கு மேல் போகக் கூடாது. இந்த விஷம் கண்ணுக்குத் தெரியாது. நாக்குக்கும் தெரியாது. தண்ணீரைக் காய்ச்சினாலும் போகாது. துணியில் வடிகட்டினாலும் போகாது.

இந்த விஷத்தைத் தண்ணீரிலிருந்து எப்படிப் பிரிப்பது?

பழத்தோலும், இறால் ஓடும், மக்கிய மரமும் இதற்கு உதவும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். இது இன்று நேற்று முளைத்த எண்ணம் அல்ல. இதற்கு விதை போட்டவர் 200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பிரெஞ்சுக்காரர். அவர் பெயர் ஆன்ரி பிராக்கோனோ.

தந்தையை இழந்த சிறுவன்

பிரான்சு நாட்டின் கிழக்கே லொரேன் என்ற பகுதி இருக்கிறது. அங்கே கொமெர்சி என்ற சிற்றூரில் 1780-ம் ஆண்டு மே மாதம் 29-ந்தேதி பிராக்கோனோ பிறந்தார். தந்தை ஒரு வக்கீல். வசதிக்குக் குறைவில்லாத குடும்பம்.

ஆனால் சிறுவனுக்கு ஏழு வயதானபோது தந்தை இறந்து போனார். தாயார்தான் அவனைப் படிக்க வைத்தார். அவனுக்கு 13 வயதானதும் நான்சி என்ற நகரத்துக்கு அனுப்பி, ஒரு மருந்துக் கடையில் வேலை பழக விட்டார்.

அது பயங்கரமான காலம். பிரெஞ்சுப் புரட்சி கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. அந்த 1793-ம் ஆண்டில்தான் மன்னர் 16-ம் லூயியின் தலை துண்டிக்கப்பட்டது. நாடெங்கும் ரத்த ஆறு. அந்த நேரத்தில் மருந்துக் கடைச் சிறுவன் உரலில் வேர்களை இடித்துக்கொண்டும், இலைகளைக் காய்ச்சிக்கொண்டும் இருந்தான். எந்தச் செடியில் என்ன சத்து இருக்கிறது, அதை எப்படிப் பிரித்து எடுப்பது என்பது அவனுக்கு அங்கேதான் பழக்கமாயிற்று.

15 வயதில் அவன் பட்டாளத்தில் சேர்ந்தான். துப்பாக்கி தூக்குவதற்காக அல்ல, மருந்து கலக்குவதற்காக! ஸ்திராஸ்பூர்க் நகரத்து ராணுவ ஆஸ்பத்திரியில் அவனுக்கு வேலை கிடைத்தது.

பட்டாளத்திலிருந்து விடுபட்ட பிறகு அவர் பாரிசு நகருக்குப் போனார். பெரிய பெரிய விஞ்ஞானிகள் அங்கே பாடம் சொல்லிக் கொண்டிருந்தார்கள். ரசாயனமும் தாவர நூலும் கற்றார். படிப்பு முடிந்ததும் பாரிசிலேயே தங்கிப் பெயரும் புகழும் தேடியிருக்கலாம். ஆனால் அவர் நான்சி நகருக்கே திரும்பி வந்து விட்டார்.

செடித் தோட்டமே உலகம்

1807-ம் ஆண்டில் நான்சி தாவரத் தோட்டத்தின் தலைவராக அவர் நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 27. அன்று முதல் சாகும் வரை, சுமார் 48 ஆண்டுகள், அந்த நகரமே அவர் உலகமாக இருந்தது.

முதல் ஆராய்ச்சியிலேயே அவர் சறுக்கி விழுந்தார் என்று சொல்ல வேண்டும். செடிகளுக்கு மண் தேவையா என்று சோதிப்பதற்காக, மண் இல்லாமல் மணலிலும் கந்தகப் பொடியிலும் விதைகளைப் போட்டுத் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். செடிகள் முளைத்தன. தண்ணீரைக் கொண்டே செடிகள் தமக்கு வேண்டிய உப்புகளை எல்லாம் உண்டாக்கிக் கொள்கின்றன என்று முடிவு கட்டினார். அது தவறு என்று பிற்காலத்தார் நிரூபித்தார்கள்.

ஆனாலும் அவர் சோர்ந்து விடவில்லை. செடியின் உடம்பு எதனால் ஆனது என்ற கேள்வியை விடாமல் பிடித்துக் கொண்டார்.

காளானில் ஒரு புதுப்பொருள்

1811-ம் ஆண்டு. காளான்களை எடுத்துக் காரநீரில் இட்டுக் காய்ச்சினார். கரையக் கூடியது எல்லாம் கரைந்து போயிற்று. ஒரு சக்கை மட்டும் கரையாமல் நின்றது. அது மரத்தின் நாரும் அல்ல. அதில் நைட்ரஜன் இருந்தது. இது ஒரு புதுப்பொருள் என்று கண்டுகொண்டு அதற்கு பங்கின் என்று பெயர் வைத்தார்.

12 ஆண்டுகள் கழித்து, 1823-ல், ஓடியே என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் வண்டுகளின் இறக்கை ஓட்டில் அதே இனப் பொருளைக் கண்டார். அவர் வைத்த கைட்டின் என்ற பெயர்தான் உலகில் நிலைத்தது. நண்டு ஓடு, இறால் ஓடு, வண்டின் ஓடு எல்லாவற்றிலும் இருப்பது இந்தக் கைட்டின்தான். அதை முதலில் கண்டவர் பிராக்கோனோ. பெயர் வைத்தவர் வேறொருவர்!

கந்தலில் சர்க்கரை

1819-ம் ஆண்டில் அவர் செய்த காரியம் கேட்பவர்களை வியக்க வைத்தது. கிழிந்த கந்தல் துணியை எடுத்தார். அதன் மேல் கந்தகத் திராவகத்தை ஊற்றிப் பிசைந்தார். கந்தல் கரைந்து பசை ஆயிற்று. தண்ணீர் சேர்த்து நெடுநேரம் காய்ச்சி, திராவகத்தைப் போக்கினார். மிஞ்சியது சர்க்கரை! அதிலும் ஓர் அதிசயம். ஒரு ராத்தல் கந்தலிலிருந்து ஒரு ராத்தலுக்கும் அதிகமான சர்க்கரை கிடைத்தது.

இதில் மாயம் எதுவும் இல்லை. பருத்தி, சணல், மரம் எல்லாவற்றிலும் இருப்பது செல்லுலோஸ். ஆயிரக்கணக்கான சர்க்கரை மணிகளை வரிசையாகக் கோத்த மாலை அது. திராவகம் அந்த மாலையை அறுத்து விடுகிறது. அறுபடும் இடத்தில் எல்லாம் தண்ணீர் சேர்ந்து கொள்கிறது. அதனால்தான் எடை கூடுகிறது. இப்படிச் சிறு மணிகள் கோத்த நீண்ட மாலைப் பொருளுக்குத்தான் இன்று பாலிமர் என்று பெயர். இயற்கையில் கிடைப்பது இயற்கை பாலிமர். அந்தச் சொல் பிறப்பதற்கு முன்பே பிராக்கோனோ அந்த மாலைகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார்.

மரத்தூளைப் பொட்டாஷ் காரத்துடன் சேர்த்து அவர் சூடேற்றினார். பழுப்பு நிறமான ஒரு பொருள் உண்டாயிற்று. அது காரத்தில் கரைந்தது. அமிலத்தை விட்டால் படிந்தது. மக்கிய இலையிலும் மரத்திலும் இயற்கை உண்டாக்கும் பொருளைப் போன்ற ஒன்றை அவர் தம் அடுப்பிலேயே உண்டாக்கி விட்டார். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியில் இருக்கும் ஹியூமிக் அமிலமும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான்!

அடுத்த ஆண்டு, மிருகங்களின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசையைத் திராவகத்தில் காய்ச்சி, கிளைசின் என்ற இனிப்பான பொருளைப் பிரித்தார். இறைச்சியிலிருந்து லூசின் என்ற பொருளையும் எடுத்தார். நம் உடம்பைக் கட்டும் புரதத்தின் செங்கற்கள் இவை.

கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருள்களில் உள்ள ஓர் அமிலத்தையும் அவர் ஆராய்ந்தார். அதற்குப் பெயர் வைத்ததில் அவருடைய குறும்பு தெரியும். மாசிக்காய்க்குப் பிரெஞ்சு மொழியில் கால் என்று பெயர். அந்தச் சொல்லின் எழுத்துகளைத் தலைகீழாக அடுக்கி எல்லாஜிக் அமிலம் என்று பெயர் சூட்டினார்!

1823-ல் பாரிசு விஞ்ஞானக் கழகம் அவரை வெளியூர் உறுப்பினராகச் சேர்த்துக் கொண்டது.

காரட்டிலிருந்து விஷ முறிவு

1825-ம் ஆண்டில்தான் அவர் வாழ்க்கையின் பெரிய கண்டுபிடிப்பு நடந்தது.

கொய்யாப் பழத்தை வேகவைத்துச் சர்க்கரை சேர்த்து இறக்கினால் சற்று நேரத்தில் அது உறைந்து ஜெல்லி ஆகிவிடும். ஏன் உறைகிறது? அந்தக் காலத்தில் இதற்குச் சரியான விடை யாருக்கும் தெரியாது.

பிராக்கோனோ காரட் கிழங்கைத் துருவிச் சாற்றைப் பிழிந்தார். சக்கையை நன்றாக அலசினார். சிறிதளவு பொட்டாஷ் சேர்த்துக் காய்ச்சி வடிகட்டினார். வடித்த நீரில் அமிலத்தை விட்டதும் தெளிவான ஜெல்லி திரண்டது. வேறு பல செடிகளிலும் தேடினார். எங்கும் அது இருந்தது. கிரேக்க மொழியில் உறைவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதற்குப் பெக்டிக் அமிலம் என்று பெயர் வைத்தார். இன்று பெக்டின் என்று சொல்லப்படும் பொருளின் வரலாறு இங்கேதான் தொடங்குகிறது.

அவர் அத்துடன் நிறுத்தவில்லை. இந்தப் பெக்டிக் கரைசலை உலோக உப்புகளுடன் கலந்து பார்த்தார். காரீய உப்பைச் சேர்த்தார். இரண்டும் சேர்ந்து கட்டியாகி அடியில் படிந்தன. செம்பு உப்பைச் சேர்த்தார். அதுவும் படிந்தது. தண்ணீரில் கரைந்து கிடந்த உலோகத்தை ஜெல்லி கெட்டியாகப் பிடித்துக் கீழே இறக்கி விட்டது!

மருந்துக் கடையில் வளர்ந்தவர் அல்லவா? உடனே அவருக்கு நோயாளிகளின் ஞாபகம் வந்ததில் வியப்பில்லை. அந்தக் காலத்தில் உலோக விஷம் வீட்டுக்கு வீடு இருந்தது. பூச்சுப் போன செம்புப் பாத்திரத்தில் புளிப்புப் பண்டம் வைத்தால் களிம்பு ஏறும். அதைச் சாப்பிட்டவர்கள் துடித்துப் போவார்கள். வீட்டுக்கு அடிக்கும் வெள்ளை வர்ணத்தில் காரீயம் இருந்தது. தண்ணீர்க் குழாயும் காரீயம்தான்.

இப்படிப்பட்ட உலோக விஷங்களுக்கு முறிவாகப் பெக்டிக் கரைசலைக் கொடுக்கலாம் என்று பிராக்கோனோ தம் கட்டுரையில் எழுதி வைத்தார். வயிற்றுக்குள் விஷத்தை ஜெல்லி பிடித்துக் கொள்ளும், உடம்பில் ஏற விடாது என்பது அவர் கணக்கு. 20-ம் நூற்றாண்டில் சோவியத் ரஷ்யாவில் காரீயத்தோடு வேலை செய்த தொழிலாளருக்குப் பெக்டின் கொடுக்கும் வழக்கம் இருந்தது.

விதைத்தவர் ஒருவர்

1833-ல் மாவுப் பொருளை வெடியுப்புத் திராவகத்தில் இட்டு, சட்டென்று தீப்பிடிக்கும் ஒரு பொருளை உண்டாக்கினார். 13 ஆண்டுகளுக்குப் பின் வேறொருவர் பஞ்சில் அதே வழியில் வெடிமருந்து செய்து பெரும் புகழ் பெற்றார். பிராக்கோனோவுக்கு இது புதிதல்ல. காளானிலும் அப்படித்தான் நடந்தது. அவர் விதைத்தார், அறுவடை செய்தவர்கள் மற்றவர்கள்.

1855-ம் ஆண்டு ஜனவரி மாதம் 13-ந்தேதி நான்சி நகரில் அவர் காலமானார். வயது 74.

அவர் இறந்து நான்கே ஆண்டுகளில், 1859-ல், ரூழே என்பவர் கைட்டினை அடர்த்தியான காரத்தில் காய்ச்சினார். அமிலத்தில் கரையக் கூடிய புதிய பொருள் கிடைத்தது. அதற்குக் கைட்டோசான் என்று பிற்காலத்தில் பெயர் வந்தது. உலோகத்தைப் பிடிப்பதில் இது கைதேர்ந்த பொருள் என்று இன்று தெரிந்திருக்கிறது. பிராக்கோனோ இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்திருந்தால் தம் காளான் சக்கையின் மகிமையைக் கண்ணால் பார்த்திருப்பார்!

எப்படிப் பிடிக்கிறது?

தண்ணீரில் கரைந்த காரீயம், செம்பு போன்றவை நேர் மின்சாரம் ஏறிய துகள்களாக மிதக்கின்றன. பெக்டின் மாலையில் எதிர் மின்சாரம் ஏறிய இடங்கள் வரிசையாக இருக்கின்றன. இரண்டு மாலைகள் பக்கத்தில் பக்கத்தில் நெருங்கும்போது நடுவே குழிகள் உண்டாகின்றன. முட்டை அடுக்கும் தட்டில் முட்டை உட்காருவது போல அந்தக் குழிகளில் உலோகத் துகள் உட்கார்ந்து விடுகிறது.

கைட்டோசானில் நைட்ரஜன் கொக்கி போல நிற்கிறது. செம்பும் பாதரசமும் அதில் மாட்டிக் கொள்கின்றன. ஹியூமிக் அமிலத்திலும் பெக்டினைப் போன்ற பிடிகள் உண்டு.

சுண்ணாம்பு சேர்த்து உலோகத்தைப் படிய வைப்பதுதான் தொழிற்சாலைகளின் பழைய முறை. விஷம் அதிகமாக இருக்கும்போது அது நன்றாக வேலை செய்யும். ஆனால் மிகச் சிறிய அளவில் மிஞ்சி நிற்கும் விஷத்தை முழுவதும் எடுக்க அதனால் முடியாது. அங்கேதான் இயற்கை பாலிமருக்கு வேலை. கைட்டோசானைச் சிறு உருண்டைகளாக்கிக் குழாயில் நிரப்பி, கழிவுநீரை மெதுவாக விட்டால், உலோகம் உருண்டைகளில் தங்கிவிடும்.

இதில் சிக்கல்களும் உண்டு. தண்ணீரில் அமிலம் மிகுந்தால் கைட்டோசான் கரைந்து போகும். தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து பெக்டினின் குழிகளை முந்திக் கொண்டு நிரப்பிவிடும். உருண்டைகள் நிறைந்ததும் கழுவி எடுக்க வேண்டும். கழுவிய நீரில் உலோகம் திரண்டு நிற்கும். அதைப் பத்திரப்படுத்த வேண்டும். விஷம் மாயமாகி விடுவதில்லை. பரவிக் கிடந்தது ஓரிடத்தில் அடங்குகிறது. ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு குவளைத் தண்ணீரில் வெற்றி பெறுவது ஒன்று. ஒரு சாம்பல் குட்டையில் வெற்றி பெறுவது வேறு. அந்தத் தூரத்தைக் கடக்கத்தான் உலகெங்கும் விஞ்ஞானிகள் உழைத்து வருகிறார்கள்.

மூன்றும் அருகிலேயே!

பிராக்கோனோ கையில் எடுத்துப் பார்த்த பொருள்கள் மூன்று. பழத்திலும் கிழங்கிலும் உள்ள பெக்டின். காளானில் கண்ட கைட்டின். மக்கிய மரத்தின் பழுப்புப் பொருள். இந்த மூன்றும் நெய்வேலிக்கு அருகிலேயே கிடைக்கின்றன!

பக்கத்திலுள்ள பண்ருட்டி பலாவுக்குப் பேர் பெற்றது. பருவ காலத்தில் சுளையை எடுத்துக்கொண்டு, முள் தோலையும் சடையையும் எறிந்து விடுகிறார்கள். அந்தத் தோலில் பெக்டின் நிறைய இருக்கிறது.

கிழக்கே போனால் கடலூர், பரங்கிப்பேட்டைக் கடற்கரை. அங்கே உரித்தெறியும் இறால் ஓட்டில் கைட்டின் இருக்கிறது. இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் எடுக்கும் முறையைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் முன்பே வகுத்துக் கொடுத்திருக்கிறது.

மூன்றாவது பொருள் நெய்வேலியின் காலடியிலேயே கிடக்கிறது. அதன் பழுப்பு நிலக்கரியிலிருந்து ஹியூமிக் அமிலத்தைப் பிரித்துப் பயிருக்கு உரமாக இட்டுப் பார்த்த ஆராய்ச்சிகள் தமிழ்நாட்டில் நடந்திருக்கின்றன. அதே அமிலத்துக்கு உலோகத்தைப் பிடிக்கும் குணமும் இருக்கிறது.

பலாத்தோல், இறால் ஓடு, மக்கிய மரம். மூன்றுமே யாரும் விலை கொடுத்துக் கேட்காதவையாகக் கிடந்தவை. கந்தலில் சர்க்கரை எடுத்தவருக்கு அவற்றின் மதிப்பு தெரிந்திருக்கும். நான்சி நகரத்து அடுப்பில் ஒரு கைப்பிடி காரட் சக்கை செய்து காட்டியதை, நெய்வேலியின் தண்ணீருக்குச் செய்து காட்டும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது.